நீலக்காம்புத் திராட்சையும் அதன் துணைக்கொடியும்

முகவுரை

பப்பாளித் தோட்டம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஆண் மரம், பெண் மரம் எனப் பிரிந்து வளரும் பப்பாளி ரகங்களில், நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூத்து, காய் ஒன்றும் கொடாமல் நிற்கும் ஆண் மரங்களைக் கண்டு, ‘இவை வீணாக இடத்தையும் எருவையும் நீரையும் கொள்ளுகின்றன’ என்று எண்ணி ஒன்றுவிடாமல் வெட்டிவிடுபவர், பின்னர்ப் பெண் மரங்களிலும் நல்ல காய் காணார். ஆதலால் இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரமாவது விட்டுவைத்தல் வேண்டும் என்பது விதி. பனையிலும் ஆணும் பெண்ணும் வேறு வேறாக நிற்பதைக் கிராமத்துச் சிறுவரும் அறிவர்.

திராட்சைக் கொடியைப்பற்றி இவ்வாறு எவரும் நினைப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பயிராகும் பன்னீர்த் திராட்சையில் ஒரே பூவினுள் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் செவ்வையாக அமைந்திருக்கின்றன. எனவே, பந்தல் முழுவதும் அந்த ஒரே ரகத்தை ஏற்றினாலும் காய் பிடித்துவிடுகிறது. உலகில் சாகுபடியாகும் திராட்சை ரகங்களிற் பெரும்பாலானவை இத்தன்மையனவே. எனினும், சிற்சில பழைய ரகங்கள் இவ்விதிக்கு விலக்காக நிற்கின்றன. அவை தம் பூவைக்கொண்டு தாமே காய்க்கமாட்டா. வேறு ரகத்துக் கொடியொன்று அருகில் நின்று மகரந்தம் உதவினால்தான் காய்க்கும். ஐரோப்பாக் கண்டத்தில் ஹங்கேரி தேசத்துப் படாச்சோனி மலைச்சரிவில் விளையும் கேக்ஞெலூ என்னும் வெள்ளைத் திராட்சை அத்தகையது. அது பயிராகும் முறையும், அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட வரலாறும், பழமரம் வளர்ப்போர் அனைவருக்கும் பயன்தரும் பாடமாகும்.

விளையும் இடம்

ஹங்கேரியின் மேற்குப் பகுதியில் பாலட்டன் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 77 கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழமோ சுமார் 10 அடிதான். அவ்வேரியின் வடகரையில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,400 அடி உயரத்தில், உச்சி தட்டையாய் மேசைபோல் அமைந்த குன்று ஒன்று நிற்கிறது. அதுவே படாச்சோனி. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கு எரிமலை கக்கிய குழம்பு, பழைய நீர்நிலையொன்று படியவிட்ட மணலின்மேலும் களிமண்ணின்மேலும் பரந்து, இறுகிக் கருங்கல்லாயிற்று. சுற்றியிருந்த மண் காலப்போக்கில் காற்றாலும் நீராலும் அரித்துச் செல்லப்பட, கருங்கல் மூடிய பகுதி மட்டும் கரையாமல் குன்றாக எஞ்சியது.

இக்குன்றின் சரிவுகளில் அடியில் மணலும் களியும், அவற்றோடு மேலிருந்து உருண்டுவந்த கருங்கற் சிதைவுகளும் கலந்திருக்கின்றன. கரிய கல் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடுகிறது. சரிவு தெற்கு நோக்கியிருப்பதாலும், கீழே பரந்த ஏரிநீர் ஒளியைத் திருப்பி வீசுவதாலும், கொடிகளுக்கு இருபுறத்திலிருந்தும் வெளிச்சம் கிட்டுகிறது. ஏரியின் அருகாமை கடுங்குளிரையும் ஓரளவு தணிக்கிறது. வட அட்சரேகை 47 பாகைக்கு அருகிலுள்ள அவ்விடத்தில், தாமதமாகப் பழுக்கும் திராட்சையும் முதிர்வதற்கு இவையே காரணம். சரிவு செங்குத்தாயிருக்கும் இடங்களில் கருங்கற்களை அடுக்கிச் சுவரெழுப்பி, படிப்படியாக மண்ணை நிறுத்திக் கொடி நட்டிருக்கிறார்கள்.

அந்நாட்டில் மாரிக்காலத்தில் பனி பெய்யும். கொடிகள் இலையுதிர்த்து உறங்கும். ஏப்ரல் மாதத்தில் துளிர்த்து, ஜூன் மாதத்தில் பூத்து, அக்டோபரில் அறுவடையாகும். தமிழ்நாட்டில் கொடி உறக்கமின்றி வளர்ந்து, கவாத்துக்கு ஏற்ப ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மகசூல் தருவதுபோல் அங்கு நேர்வதில்லை. ஆண்டுக்கு ஒரு பூப்பு. அது தவறினால் அவ்வாண்டு மகசூல் தவறியதே.

கொடியின் அடையாளம்

ஹங்கேரிய மொழியில் ‘கேக்’ என்றால் நீலம். ‘ஞெலூ’ என்றால் காம்புடையது. இலைக்காம்பில் நீலமும் ஊதாவும் கலந்த சாயல் படர்ந்திருப்பதால் இப்பெயர் வந்தது. ஆகவே ‘நீலக்காம்புத் திராட்சை’ என்று இதனைத் தமிழில் அழைக்கலாம். காம்பு நீலமாயினும் பழம் நீலமன்று. வெள்ளைத் திராட்சை வகையைச் சேர்ந்த பசுமை கலந்த மஞ்சள் நிறமுடையது. குலை பெரிதன்று. பழங்கள் நெருங்கிப் பிதுங்காமல் இடைவெளி விட்டு அமைந்திருக்கும். பழுப்பது தாமதம்.

இப்பழத்தின் சாற்றைப் புளிக்கவைத்து வெள்ளை ஒயின் செய்கிறார்கள். புளிப்பு நன்கு அமைந்திருப்பதால், அது புதிதாயிருக்கையில் சற்றுக் கடுமையாகத் தோன்றினாலும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பக்குவப்பட்டு உயர்வடைகிறது. படாச்சோனிக்கு இதனால் பெயர் ஏற்பட்டது. எனினும் இத்திராட்சை அப்பிரதேசத்திற்கு வெளியே பரவவில்லை. இன்றும் சில பத்து ஹெக்டேர் பரப்பிலேயே பயிராகிறது; ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர்.

இத்தாலி தேசத்தின் வடகிழக்கு மூலையில் பிரியூலி பிரதேசத்தில் பிக்கோலித் என்னும் மற்றோர் அருமையான வெள்ளைத் திராட்சை உண்டு. அதன் பூவிலும் இதே குறை இருப்பதாலும், அதன் குலையிலும் சில பழங்களே தங்குவதாலும், இரண்டும் ஒரே ரகம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பிற்காலத்தில் மரபணுச் சோதனை செய்ததில், இரண்டும் வெவ்வேறு ரகங்கள் என்பது உறுதியாயிற்று. ஒரே விதக் குறையுடையன எல்லாம் ஒரே ஜாதியாயிருக்கவேண்டும் என்பதில்லை.

பூவிலுள்ள குறை

திராட்சைப் பூ மிகச் சிறியது. அதன் இதழ்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு சிறு தொப்பிபோல் பூவை மூடியிருக்கும். பூக்குங்கால் அத்தொப்பி அடியிலிருந்து கழன்று விழுந்துவிடும். உள்ளே நடுவில் சூல்பையும், அதனைச் சுற்றி ஐந்து மகரந்தத் தாள்களும் காணப்படும். பன்னீர்த் திராட்சை முதலிய சாதாரண ரகங்களில் இத்தாள்கள் சூல்பையைவிட உயர்ந்து நிமிர்ந்து நிற்கும். அவற்றின் பைகள் வெடித்துச் சிந்தும் பொடி சூல்முடியில் விழ, கரு உண்டாகிக் காய் நிலைக்கும்.

கேக்ஞெலூவின் பூவைக் கைக்கண்ணாடியின் துணைகொண்டு பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். சூல்பை குறைவின்றி அமைந்திருக்கிறது. ஆனால் மகரந்தத் தாள்கள் குட்டையாய், வெளிப்புறமாக வளைந்து கீழ்நோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. பொடி இருக்கிறது, எனினும் அப்பொடிக்கு முளைக்கும் சக்தி இல்லை. நல்ல மகரந்தத்தின் மேல்தோலில் முளைக்குழல் வெளிவருவதற்கு அமைந்த சிறு வாயில்கள் இதில் அமையவில்லை. ஆகவே பார்வைக்கு இருபாற் பூவாகத் தோன்றினும், தொழிலில் இது பெண்பூவே.

இது நோயன்று, பழைமையின் எச்சம். காடுகளில் தானாக வளரும் திராட்சையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறாகவே இருக்கும். மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தானே காய்க்கும் இருபாற் கொடிகளைத் தெரிந்தெடுத்து வளர்த்து வந்தமையால், இன்றைய ரகங்களில் மிகுதியானவை இருபாற் பூவுடையன ஆயின. சுவையின் பொருட்டு விரும்பப்பட்ட சில பெண்கொடிகள் மட்டும் தோட்டங்களில் நிலைத்துவிட்டன.

மகரந்தம் கிட்டாத பூக்கள் சில நாளில் உதிர்ந்துவிடும். சில பூக்கள் உதிராமல், விதையற்ற குஞ்சுக்காய்களாக நின்றுவிடுவதும் உண்டு. அவை பழுத்தாலும் மிளகளவே இருக்கும். ஒரே குலையில் சில பழங்கள் பருத்தும், பல குஞ்சுகளாகவும் காணப்படுமாயின், மகரந்தம் போதவில்லை என்பதற்கு அது முதல் அடையாளமாகும்.

துணைக்கொடியை நடும் முறை

படாச்சோனித் தோட்டக்காரர்கள் இக்குறைக்கு நெடுங்காலத்திற்கு முன்பே மாற்றுக் கண்டிருந்தார்கள். மகரந்தத்தின் இயல்பை நூல்வழியாக அறியுமுன்னரே, கேக்ஞெலூவின் அருகில் புடாய் ஸோல்ட் என்னும் மற்றொரு வெள்ளைத் திராட்சையை நட்டால் காய் பிடிக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்து, ஒரு வரிசைக்கு ஒரு வரிசையாக இரண்டையும் மாற்றி மாற்றி நட்டு வந்தார்கள். ‘புடா நகரத்துப் பச்சை’ என்று பொருள்படும் பெயருடைய அக்கொடி, செழித்து வளர்வது, இருபாற் பூவுடையது, கேக்ஞெலூ பூக்கும் காலத்திலேயே பூப்பது. அதன் பழத்து ஒயின் புளிப்பு மிகுந்தது; கேக்ஞெலூவிற்கு உள்ள மதிப்பு அதற்கு இருந்ததில்லை.

துணைக்கொடியாக ஒரு ரகத்தைத் தெரிந்தெடுக்குங்கால் கவனிக்கவேண்டியவை வருமாறு:

1. பூக்கும் காலம் ஒத்திருக்கவேண்டும். துணைக்கொடி ஒரு வாரம் முந்திப் பூத்து முடிந்துவிட்டால், அது நின்றும் பயனில்லை.

2. மகரந்தம் மிகுதியாகவும் முளைக்கும் சக்தியுடனும் இருக்கவேண்டும்.

3. துணைக்கொடி அண்மையில் நிற்கவேண்டும். திராட்சை மகரந்தம் பெரும்பாலும் காற்றினாலேயே செல்வது. தூரம் செல்லச் செல்லக் காய்ப்புக் குறைந்துவிடும். தோட்டத்தின் ஓரத்தில் மட்டும் நாலைந்து கொடிகளை வைத்துவிட்டு, நடுவிலுள்ள வரிசைகளும் காய்க்கும் என்று எதிர்பார்ப்பது தவறு.

4. துணைக்கொடியின் பழமும் ஏதேனுமொரு பயனுடையதாயிருத்தல் நலம். இல்லாவிடில் விலை வீழ்ந்த காலத்தில் அதைப் பிடுங்கிவிடும் எண்ணம் எழும்.

இவற்றுள் நான்காவது காரணமே வரலாற்றில் மிகுந்த தீங்கு விளைத்தது. உதாரணமாகப் பத்து வரிசையுள்ள தோட்டம் ஒன்றில், ஐந்து வரிசை கேக்ஞெலூவும் ஐந்து வரிசை துணைக்கொடியும் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். உடையவர் கணக்குப் பார்க்கிறார். உயர்ந்த விலை பெறும் பழம் பாதி நிலத்தில்தான் விளைகிறது. மீதிப் பாதியையும் அதுவாகவே மாற்றிவிட்டால் வரவு இரட்டிக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறது. துணைக்கொடிகளைப் பிடுங்கிக் கேக்ஞெலூவையே நடுகிறார். அடுத்த ஜூனில் பத்து வரிசையும் பூக்கும். அக்டோபரில் பத்து வரிசையும் வெறுங்குலையாய் நிற்கும். கணக்கில் பிழையில்லை, பூவைப் பாராமல் கணக்கை மட்டும் பார்த்ததே பிழை.

காகிதப் பைச் சோதனை

ஒரு கொடி தானே காய்க்குமா, துணை வேண்டுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இதற்கு வேண்டியவை மழையில் கரையாத மெல்லிய காகிதப் பைகளும், கட்டுவதற்கு நூலும், அடையாளச் சீட்டுகளுமே.

பூக்கொத்தில் முதல் தொப்பி கழலுமுன்னரே, கேக்ஞெலூக் கொடியொன்றில் இரண்டு கொத்துகளைத் தெரிந்தெடுத்துத் தனித்தனியே பைகளால் மூடி, எறும்பும் நுழையாதபடி கழுத்தில் நூலாற் கட்டவேண்டும். அதே கொடியில் மூன்றாவது கொத்தொன்றை மூடாமல் சீட்டு மட்டும் கட்டி விடவேண்டும். துணைக்கொடியிலும் ஒரு கொத்தை மூடவேண்டும். கொத்துகள் முழுதும் பூத்த நாளில், கேக்ஞெலூவில் மூடிய இரண்டில் ஒன்றை மட்டும் அவிழ்த்து, துணைக்கொடியில் பூத்திருக்கும் கொத்தொன்றைப் பறித்துவந்து அதன்மேல் மெல்லத் தட்டித் தடவிவிட்டு, உடனே மீண்டும் மூடிவிடவேண்டும். பூப்பு முடிந்து பத்து நாள் சென்றபின் எல்லாப் பைகளையும் நீக்கிப் பார்க்கலாம்.

துணைக்கொடியில் மூடிய கொத்து, பையினுள்ளேயே காய் பிடித்திருக்கும். கேக்ஞெலூவில் தொடாமல் மூடிவைத்த கொத்து உதிர்ந்து வெறுங்காம்பாகவோ, குஞ்சுக்காய்கள் மட்டும் உடையதாகவோ இருக்கும். கையால் மகரந்தம் தடவிய கொத்து காய்த்திருக்கும். மூடாமல் விட்ட கொத்து எவ்வளவு காய்த்திருக்கிறது என்பதைத் தடவிய கொத்தோடு ஒப்பிட்டால், தோட்டத்தில் இயற்கையாகக் கிட்டும் மகரந்தம் போதுமா, போதாதா என்பது தெரிந்துவிடும். தடவியது நிறையக் காய்த்து, மூடாதது குறையக் காய்த்திருந்தால், துணைக்கொடி போதவில்லை, அல்லது காலம் ஒத்துப் பூக்கவில்லை என்று கொள்ளலாம். இரண்டும் ஒருங்கே குறைந்திருந்தால், காரணத்தை வானிலையிலோ கொடியின் நலத்திலோ தேடவேண்டும். ஒரு கொத்தின் நிலையைக்கொண்டு முடிவு செய்தல் கூடாது. குறைந்தது நாலைந்து கொடிகளிலாவது இவ்வாறு செய்து பார்த்தல் வேண்டும்.

கவாத்தும் எருவும்

முற்காலத்தில் படாச்சோனிக் கொடிகளைத் தரைக்கு அண்மையில் குட்டையாக வெட்டி, கழியொன்றில் கட்டி வளர்த்து வந்தார்கள். இக்காலத்தில் கம்பி கட்டிய வரிசைகளே மிகுதி. எம்முறையாயினும், கவாத்தில் கண்கள் மிகுதியாக விட்டால் காய் மிகும் என்ற எண்ணம் இந்தக் கொடிக்குப் பொருந்தாது. குலை எண்ணிக்கையில் குறைவில்லை. குலையிற் காய் நிலைப்பதில்தான் குறை. மகரந்தம் இல்லாதவிடத்துக் கண்களை இரட்டித்தால் வெறுங்குலைகளே இரட்டிக்கும்.

எருவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். காய்ப்புக் குறைந்ததைக் கண்டு தழைச்சத்து மிகுதியாக இட்டால், கொடி கொழுத்துத் தளிர்கள் ஓங்கும். ஓங்கும் தளிர்கள் பூவுக்குச் செல்லவேண்டிய உணவைத் தம்பால் இழுத்துக்கொள்வதால் பூ உதிர்தல் மிகும். அடர்ந்த இலைகள் காற்றைத் தடுத்து, மகரந்தம் செல்லும் வழியையும் அடைக்கும். ஆகவே பூக்கும் தறுவாயில் தளிர் நுனிகளைக் கிள்ளிவிடுதலும், பூக்கொத்தைச் சுற்றி நெருங்கிய இலைகளை அளவோடு நீக்குதலும் நன்மை பயக்கும்.

பூக்கும் நாட்களில் வெப்பநிலை 20 முதல் 25 பாகை சென்டிகிரேட் இருந்து, வானம் வறண்டு, இளங்காற்று வீசுமாயின் காய் நன்கு பிடிக்கும். அந்நாட்களில் குளிரும் மழையும் தொடர்ந்தால், இருபாற் பூவுடைய ரகங்களிலேயே காய்ப்புக் குறையும். பிறர் மகரந்தத்தையே நம்பி நிற்கும் கேக்ஞெலூவின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

நோய்களும் மருந்தடிப்பும்

ஐரோப்பியத் திராட்சைக்கு 19-ஆம் நூற்றாண்டில் மூன்று பெருங்கேடுகள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தன. முதலாவது, 1845-இல் காணப்பட்ட சாம்பல் நோய். இதற்குக் கந்தகத் தூள் மருந்தாயிற்று. இரண்டாவது, வேரைத் தின்னும் பில்லாக்ஸெரா என்னும் நுண்பூச்சி. மூன்றாவது, 1878-இல் பிரான்சில் தோன்றிய அடிச்சாம்பல் நோய். இதற்கு 1885-இல் மில்லார்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட போர்டோக் கலவை மருந்தாயிற்று. இக்கலவையை நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் தயாரிக்க மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் வேண்டும் என்பது விவசாயிகள் அறிந்ததே.

கேக்ஞெலூவின் குலை இறுக்கமின்றி இருப்பதால், மழைக்காலத்தில் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கி வெடித்து அழுகுவது குறைவு. பூவின் குறையால் விளைந்த ஒரு நன்மை இது. ஆயினும் மருந்தடிக்குங்கால் ஒன்றை மறத்தலாகாது. பூத்திருக்கும் நாட்களில் செம்புச் சேர்க்கையுள்ள மருந்தை அடித்தால் மகரந்தம் கெடும். பூப்பதற்கு முன் ஒருமுறையும், காய் பிடித்தபின் மறுமுறையும் அடிப்பதே முறை. துணைக்கொடிக்கும் இவ்விதி பொருந்தும். ‘அது மதிப்புக் குறைந்த கொடிதானே’ என்று அதற்கு மருந்தடியாமல் விடுவதும் தவறு. நோயுற்ற துணைக்கொடி நல்ல மகரந்தம் தராது.

அறுவடை

அக்டோபர் மாதத்தில் பழத்தின் இனிப்பும் புளிப்பும் சமன்படும் நிலை பார்த்துக் கையால் அறுக்கிறார்கள். குஞ்சுக்காய்கள் பருத்த பழங்களோடு ஒருங்கு பழுக்காமலிருப்பதும் உண்டாதலால், குலையைக் கண்ணால் மட்டும் பாராமல், பல குலைகளிலிருந்து பழமெடுத்துச் சாறு பிழிந்து இனிப்பை அளந்த பின்னரே அறுவடை நாளை முடிவு செய்தல் நலம். துணைக்கொடிப் பழத்தைத் தனியே அறுத்துத் தனியே பிழிவது வழக்கம்.

அறுவடைக் காலமே அடுத்த நடவுக்குத் தாய்க்கொடி தெரிந்தெடுக்கவும் உரிய காலம். நன்கு காய் பிடித்த, நோயற்ற கொடிகளை அப்போதே சாயம் பூசி அடையாளமிட்டு வைக்கவேண்டும். கொடி இலையுதிர்த்து உறங்குங்கால் அவற்றிலிருந்து குச்சி வெட்டி, பில்லாக்ஸெராவைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிமேல் ஒட்டுக்கட்டுகிறார்கள். மாரிக்காலத்தில் எல்லாக் கொடிகளும் ஒன்றுபோலவே தோன்றும். அப்போது நினைவை நம்பிக் குச்சி வெட்டுபவர் ஏமாறுவர்.

வீழ்ச்சி

பில்லாக்ஸெராப் பூச்சி ஹங்கேரி இராச்சியத்தில் 1875-இல் முதன்முதலாகக் காணப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டுத் தோட்டங்களில் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. மீண்டும் நடவேண்டுமாயின் ஒவ்வொரு கொடியையும் அமெரிக்க வேர்மேல் ஒட்டுக்கட்டி விலைகொடுத்து நடவேண்டும். அவ்வாறு செலவிட்டு நடுபவர், தானே காய்த்து உறுதியாக வரவு தரும் ரகத்தை நாடுவது இயல்பு. மகசூல் குறைந்ததும், பாதி நிலத்தைத் துணைக்கு விடவேண்டியதுமாகிய கேக்ஞெலூவை நடுவோர் குறைந்தனர். துணைக்கென்றே மதிக்கப்பட்ட புடாய் ஸோல்ட் அதனினும் விரைவாக மறையத் தொடங்கியது. துணை குறையவே, எஞ்சிய கேக்ஞெலூவும் காய்ப்புக் குன்றியது. காய்ப்புக் குன்றவே, அதனையும் பிடுங்கினர். இவ்வாறு ஒன்றின் அழிவு மற்றதன் அழிவுக்குக் காரணமாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப்பின் ஹங்கேரியில் தனியார் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாகவும் அரசாங்கப் பண்ணைகளாகவும் மாற்றப்பட்டன. அப்பண்ணைகளில் மேன்மையைவிட அளவே முதன்மையாகக் கருதப்பட்டது. கற்சுவர் அடுக்கிய செங்குத்துச் சரிவுகளில் இயந்திர ஏர் செல்லாது. ஆகவே சமநிலத்தில் அகன்ற வரிசைகளில் ஒலஸ்ரிஸ்லிங் முதலிய நன்கு காய்க்கும் ரகங்கள் பரப்பப்பட்டன. நீலக்காம்புத் திராட்சை பெயரளவில் நிற்கும் நிலையை எய்தியது.

மீட்சி

எனினும் முற்றும் அழியவில்லை. படாச்சோனியிலிருந்த திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பெரென்ஸ் கிராய் என்பவர், 1957-இல் கேக்ஞெலூவையும் புடாய் ஸோல்ட்டையும் கலந்து புதிய ரகமொன்றை உண்டாக்கினார். அதற்கு ரோஜாகோ என்று பெயர். ரோஜாக்கல் என்பது அதன் பொருள். படாச்சோனிச் சரிவில் அப்பெயருடைய பெரிய பாறையொன்று உண்டு. ஏரிக்கு முதுகு காட்டி அதன்மேல் கைகோத்து அமரும் இளம் காதலர், ஓராண்டுக்குள் மணம்புரிவர் என்பது அவ்வூரார் நம்பிக்கை. இருவரைச் சேர்த்துவைக்கும் கல்லின் பெயர் இந்தக் கொடிக்குப் பொருத்தமாகவே அமைந்தது. ரோஜாகோ இருபாற் பூவுடையது. கேக்ஞெலூவிற்கு மகரந்தம் உதவுவது. பழமும் ஒயினுக்கு ஏற்றது. துணைக்கொடியின் பழம் விலைபோகாது என்ற பழைய குறை இதனால் பெரிதும் நீங்கியது.

1990-க்குப்பின் நிலங்கள் மீண்டும் தனியார் கைக்கு வந்தன. ஹூபா ஸெரெம்லெய் முதலிய தோட்டக்காரர்கள் மலைச்சரிவுகளைத் திருத்திக் கேக்ஞெலூவை மீண்டும் நட்டனர். மறக்கப்பட்டிருந்த புடாய் ஸோல்ட்டும் அதனோடு திரும்பியது. இன்று அதனைத் தனி ஒயினாகச் செய்து விற்பவரும் உளர். பரப்பு சிறிதேயாயினும், அழியும் நிலையிலிருந்து இவ்விரு கொடிகளும் ஒருங்கே மீண்டுவிட்டன. தனித்து ஒன்றை மட்டும் மீட்டிருக்க இயலாது என்பது கவனிக்கத்தக்கது.

படிப்பினை

இதனால் பெறப்படும் படிப்பினைகளைச் சுருக்கமாகக் கூறலாம். காய்ப்புக் குறைந்த தோட்டத்தில், எருவையும் கவாத்தையும் குறைகூறுமுன் பூவைப் பார்த்தல் வேண்டும். மகரந்தம் கிட்டுகிறதா என்பதைக் காகிதப் பையைக்கொண்டு சோதித்தறிதல் வேண்டும். அடுத்த தோட்டத்து மரத்தால் நம் தோட்டம் காய்ப்பதும் உண்டாதலால், பழைய மரம் ஒன்றை வெட்டுமுன் அது எதற்கு உதவியது என்று பெரியோரைக் கேட்டறிதல் வேண்டும்.

ஒரு பயிரின் மதிப்பை அதன் சொந்த மகசூலைக்கொண்டு மட்டும் அளவிடுதல் போதாது. புடாய் ஸோல்ட்டின் வரவை அதன் வரிசையில் மட்டும் தேடியவர், அடுத்த வரிசையில் தொங்கிய பழத்தையும் இழந்தார். பப்பாளித் தோட்டத்தில் அரிவாளோடு நிற்பவரும், ஆண் மரத்தை வெட்டுமுன் பெண் மரத்துக் காய்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.